லைட்ரூமும் என் கண்டாங்கிப் புடவைகளும்

போன ஆடியில் நான் விற்ற ஒரு கண்டாங்கிப் பருத்திப் புடவை திரும்பி வந்தது. அரக்கு உடல், கடுகு மஞ்சள் கட்டம், இரண்டு பக்கமும் அகலக் கரை. 80-ஆம் நம்பர் நூல். கிழிசல் இல்லை, கறை இல்லை, சாயமும் போகவில்லை. வாங்கியவர் கோயம்புத்தூர்ப் பெண். கோபப்படாமல்தான் பேசினார்: "படத்துல நல்லா கெட்டித் துணியாத் தெரிஞ்சுது அக்கா. கையில எடுத்தா இவ்வளவு மெலிசா இருக்கு. எனக்குக் கெட்டியாதான் வேணும்."

மெலிசாக இருப்பதுதான் அந்தப் புடவைக்குப் பெருமை. ஒரு பவுண்டு நூலில் 840 கஜ நீளச் சிட்டம், அதாவது நூல் சுற்று, எத்தனை தேறுகிறதோ, அதுதான் நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற இழை மெலியும், நெய்கிறவர் பாடும் கூடும், விலையும் ஏறும். அப்படிப்பட்ட துணியைப் படத்தில் போர்வை போலக் காட்டியது யார் என்று பார்த்தால், நான்தான். படம் பளிச்சென்று இருக்கட்டும் என்று லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில், கிளாரிட்டி என்ற ஸ்லைடரை (இழுத்துக் கூட்டிக் குறைக்கும் பட்டை) 45 வரை இழுத்து வைத்திருந்தேன்.

சந்தேகத்துக்கு அதே படத்தை நெய்த அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இது யார் தறிம்மா? 40-ஆம் நம்பர் மாதிரி இருக்கே?" என்று கேட்டார். அவர் தறிதான். அவருடைய புடவை அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து இந்த மென்பொருளை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். நான் போட்டோகிராஃபர் இல்லை. காரைக்குடியில் வீட்டிலிருந்தபடி வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆறு வருடமாகக் கண்டாங்கி விற்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 24 மெகாபிக்சல் கேமரா ஒன்று, 50 எம்எம் லென்ஸ் ஒன்று, ஸ்டாண்டு ஒன்று. லேப்டாப்பில் லைட்ரூம் கிளாசிக், மாதச் சந்தாவில். அதில் நூறு வேலை இருக்கிறது. இங்கே நான் பேசப்போவது துணியின் நுணுக்கத்தைத் தூக்கிக் காட்டும் ஏழெட்டு ஸ்லைடர்களைப் பற்றி மட்டும்.

முதலில் ஷார்ப்பனிங். பெயரைப் பார்த்தால் மங்கிய படத்தைத் தீட்டிக் கூர்மையாக்கும் என்று தோன்றும். உண்மையில் படத்தில் இல்லாத ஒரு இழையைக்கூட அது கொண்டுவராது. மார்கழிக் கோலத்தில் வெள்ளைக் கோட்டை ஒட்டிக் காவி தீட்டுவோமே, அதே வித்தைதான். காவி வந்ததும் வெள்ளை இன்னும் வெளுப்பாகத் தெரியும். கோலமாவு அதேதான், கண்ணுக்குத்தான் வித்தியாசம். ஷார்ப்பனிங்கும் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் ஓரத்தைத் தேடிப்பிடித்து, வெளிச்சப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் வெளுக்கவைத்து, இருட்டுப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் கறுக்கவைக்கிறது. காவியை அப்பினால் கோலம் கெடுவதுபோல, இதை அளவுக்கு மேல் போட்டால் புடவைக் கரையைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு ஓடும். ஆன்லைனில் புடவை விற்கிறவர்கள் பாதிப் பேர் படத்தில் அந்தக் கோட்டைப் பார்க்கலாம். என் பழைய படங்களிலும் இருக்கிறது.

அமவுண்ட், ரேடியஸ், டீடெய்ல், மாஸ்கிங் என்று இதில் நான்கு ஸ்லைடர். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பைத் திறந்தாலே லைட்ரூம் தானாக 40, 1.0, 25, 0 என்று வைத்துவிடுகிறது. ரா கோப்பு இயல்பிலேயே கொஞ்சம் சொதசொதவென்று இருக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. ஜேபெக் என்றால் அமவுண்ட் 0-வில்தான் நிற்கும், ஏனென்றால் கேமராவோ போனோ ஏற்கெனவே ஒரு சுற்றுத் தீட்டித்தான் அந்த ஜேபெக்கைக் கொடுத்திருக்கிறது. போனில் எடுத்த படத்துக்கு மேலும் ஷார்ப்பனிங் போடுவது, உப்புப் போட்ட குழம்புக்கு ருசி பார்க்காமல் இன்னொரு முறை உப்புப் போடுவதுபோல. மூன்று வருடம் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ரேடியஸ் என்பது காவிக் கோட்டின் தடிமன். துணிக்கு 0.7 அல்லது 0.8 போதும். 1.5-க்குப் போனால் இழை தடித்துவிடும், 80-ஆம் நம்பர் 60 ஆகிவிடும். டீடெய்ல் ஸ்லைடர் எவ்வளவு சின்ன ஓரம்வரை தேடிப்போக வேண்டும் என்பதைச் சொல்வது. ஏற்றினால் இழை மேல் நிற்கும் பஞ்சுப் பிசிறுகூடத் தெரியும், படத்தில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் இருந்தால் அதுவும் சேர்ந்து எழும். ஐஎஸ்ஓ என்ற ஒளி உணர்திறனை 100-இல் வைத்து, ஸ்டாண்டில் எடுத்த படத்தில் 40 வரை போகிறேன். கையில் பிடித்து, சாயங்கால வெளிச்சத்தில் எடுத்ததென்றால் தொடுவதே இல்லை.

இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது மாஸ்கிங். ஸ்லைடரை இழுக்கும்போது ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். இது தெரியாமல் எத்தனை மாதம் ஓட்டினேனோ! அழுத்தினால் படம் கறுப்பு வெள்ளையாக மாறும். வெள்ளையாக இருக்கும் இடத்தில் ஷார்ப்பனிங் விழும், கறுப்பில் விழாது. 0-வில் எல்லாமே வெள்ளை. ஏற்ற ஏற, முதலில் பின்னாலிருக்கும் சுவர் கறுக்கிறது, அப்புறம் புடவை கட்டி நிற்கும் அக்கா மகளின் கன்னம், கை. 70 வந்தால் கரையின் விளிம்பும் கட்டக் கோடுகளும் கண் இமையும் மட்டும் வெள்ளைக் கோலமாக நிற்கும். பெண் கட்டியிருக்கும் படத்துக்கு அது சரியான இடம். முகத்தில் தோல் தோலாக எழாது, புடவையின் கட்டம் மட்டும் எடுப்பாக நிற்கும்.

துணியை மட்டும் கிட்டத்தில் எடுத்த படத்துக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே நெசவுதான் விஷயம். மாஸ்கிங் 70-இல் வைத்தால் நெசவு முழுவதும் கறுப்பாகிவிடும், ஷார்ப்பனிங் போட்டதே வீண். 0 அல்லது 10-ஐத் தாண்டுவதில்லை. யூடியூபில் ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே, அதை ஏன் அப்படியே எடுக்கக்கூடாது என்பது இந்த ஒரு ஸ்லைடரிலேயே புரிந்துவிட்டது.

இனி, புடவையைத் திருப்பி அனுப்பவைத்த கிளாரிட்டி. இதன் பக்கத்திலேயே டெக்ஸ்ச்சர், டீஹேஸ் இரண்டும் நிற்கும். மூன்றும் ஒரே ஜாதி என்று நினைத்து மூன்றையும் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

கிளாரிட்டி படத்துக்குக் கஞ்சி போடுகிறது. அப்படித்தான் எனக்குச் சொல்ல வருகிறது. இழை அளவில் அது வேலை செய்வதில்லை. அகலமான பரப்பில், நடுத்தர வெளிச்சத்தில் இருக்கும் ஏற்ற இறக்கத்தைத் தூக்கிவிடுகிறது. மடிப்பின் நிழல் கறுக்கும், மேடு வெளுக்கும், துணி விறைத்துக்கொண்டு நிற்கும். கல்தூணுக்கும் மேகத்துக்கும் நன்றாக இருக்கலாம். பருத்திப் புடவை கோணிச் சாக்கு ஆகிவிடும். நிறமும் தப்பாது. அரக்கு, காய்ந்த செங்கல் நிறத்துக்கு இறங்கும். டீஹேஸ் இன்னும் மோசம், மூட்டத்தை விலக்குகிறேன் என்று நிறத்தைக் கனக்கவைத்துவிடுகிறது. கொடைக்கானல் படத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நிறத்தை நம்பிக் காசு அனுப்புகிறவர்களுக்குக் காட்டும் படத்தில் அதற்கு வேலையே இல்லை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, பழைய படங்கள் எல்லாவற்றிலும் இந்த இரண்டையும் 0-வுக்குக் கொண்டுவந்தேன். ஸ்லைடரின் பெயர் மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் பழைய இடத்துக்குப் போய்விடும். மூலப் படத்தை லைட்ரூம் தொடுவதே இல்லை. நாம் செய்த மாற்றத்தைக் குறிப்பாக மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறது. அந்த ஒரு குணத்துக்காகவே சந்தாவைக் கட்டலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

டெக்ஸ்ச்சர் வேறு ரகம். 2019 மே மாதம் வந்தது. எங்கள் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே வருடம்தான், இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது, எனக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். முகத்தின் தோலை இதமாக மழுப்புவதற்கென்று யோசிக்கப்பட்ட கருவி, எதிர்ப்பக்கம் இழுத்தால் நுணுக்கத்தைத் தூக்கவும் உதவும் என்று தெரிந்து இரண்டு பக்கமும் வேலை செய்கிற ஸ்லைடராக வெளிவந்தது. கிளாரிட்டி அளவுக்கு அகலமும் இல்லை, ஷார்ப்பனிங் அளவுக்கு நுணுக்கமும் இல்லை. நடுவில் இருக்கும் சொரசொரப்பை மட்டும் தொடுகிறது. முக்கியமாக, நிறத்தையும் மொத்த வெளிச்சத்தையும் ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகிறது. கண்டாங்கிக்கு 15 வைக்கிறேன், ரொம்ப வழவழப்பாகத் தெரிந்தால் 20. அக்கா மகள் முகத்துக்கு மட்டும் தனி மாஸ்க் போட்டு, அதாவது அந்த இடத்தை மட்டும் பிரித்தெடுத்து, மைனஸ் 10. "சித்தி, இன்னும் கொஞ்சம் குறைங்க" என்பாள். குறைத்தால் மெழுகு பொம்மை ஆகிவிடுவாள், குறைப்பதில்லை.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் ஒரு விஷயம் பிடிபடாமல் இருந்தது. லேப்டாப்பில் 100 சதவீதத்தில் பார்த்தால் ஒவ்வொரு இழையும் தெரிகிற படம், வாட்ஸ்அப்பில் போனதும் மொழுக்கென்று ஆகிவிடும். சில புடவைகளில் அதைவிட மோசம். துணி மேல் வானவில் நெளிவதுபோல ஒரு கோலம், நேரில் பார்த்தால் அப்படி எதுவும் இருக்காது. ஸ்லைடரைக் கூட்டிக் குறைத்து மண்டை காய்ந்தது. கடைசியில் பூதக்கண்ணாடியை எடுத்து இழையை எண்ணினேன். அங்குலத்துக்கு 72.

என் கேமராவில் படத்தின் நீளப்பக்கம் 6000 பிக்சல். மூன்று அடித் துணி, அதாவது 36 அங்குலம் அதில் அடங்குகிறதென்றால் அங்குலத்துக்கு 167 பிக்சல். 72 இழைக்குப் பங்கிட்டால் ஒரு இழைக்கு இரண்டேகால் பிக்சலுக்குக் கொஞ்சம் மேல். வானவில் இங்கிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டும்தான் பார்க்கிறது, மற்றதை அக்கம்பக்கத்திடம் கேட்டு நிரப்பிக்கொள்கிறது. நெசவின் கட்டமும், கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சாரின் பிக்சல் கட்டமும் இவ்வளவு நெருக்கத்தில் மோதிக்கொண்டால், நிரப்புகிற கணக்கு குழம்பி, இல்லாத நிறத்தைப் போட்டுவிடுகிறது. இதற்கு மொய்ரே என்று பெயர். கொசுவலை இரண்டை ஒன்றின் மேல் ஒன்று பிடித்தால் நெளிநெளியாக ஒரு கோலம் தெரியுமே, அதன் உறவுக்காரன். லைட்ரூமில் மாஸ்க் போட்டு இதைக் குறைக்க மொய்ரே என்றே ஒரு ஸ்லைடர் உண்டு. நிறத்தை ஓரளவு அடக்குகிறது, ஆனால் கட்டத்தின் மஞ்சளும் சேர்ந்து வெளுக்கிறது. அதைவிட ஸ்டாண்டைத் தூக்கிக் கிட்டே வைத்து, ஒன்றரை அடியை மட்டும் எடுத்தால் ஒரு இழைக்கு நாலரைக்கு மேல் பிக்சல் கிடைக்கும், வானவில் தானாகவே ஓடிவிடும். காசு செலவில்லை.

வாட்ஸ்அப் புதிருக்கும் இதே கணக்குதான். அங்கே போகும்போது படம் சுருங்கிவிடுகிறது. இன்ஸ்டாகிராமுக்கு நானே 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கித்தான் தருகிறேன். அதில் மூன்று அடித் துணியைக் காட்டினால் ஒரு இழைக்கு அரைப் பிக்சல்கூடத் தேறாது. அரைப் பிக்சலில் இழையை எந்த ஸ்லைடர் காட்டும்? ஆகவே ஒரே படத்தில் எல்லாவற்றையும் காட்டும் ஆசையை விட்டேன். இப்போது புடவைக்கு இரண்டு படம். முழுப் புடவைக்கு ஒன்று: டெக்ஸ்ச்சர் 10, மாஸ்கிங் 70, அவ்வளவுதான், அது நிறத்துக்கும் கட்டத்துக்கும். இரண்டாவது, கரையும் உடலும் சேரும் இடத்தில் வெறும் மூன்று அங்குலம், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். 1080 பிக்சலில் மூன்று அங்குலம் என்றால் ஒரு இழைக்குச் சரியாக ஐந்து பிக்சல். நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் தனித்தனியாகத் தெரிகின்றன. நாணயம் இருப்பதால் இழை எவ்வளவு மெலிசு என்று பார்க்கிறவருக்கே புரிந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது மறக்காமல் எச்டி என்பதைத் தட்டிவிடுகிறேன், 2023-இல் வந்த வசதி.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில், காலை ஒன்பது மணிக்கு வெயில் தூணைத் தாண்டிச் சாய்வாக விழும். ஒரு வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டி, அதன் வழியாக வரும் வெளிச்சத்தில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் துணியை விரித்து எடுக்கிறேன். பக்கவாட்டில் விழும் வெளிச்சம் ஒவ்வொரு இழைக்கும் ஒரு பக்கம் பளிச்சும் மறுபக்கம் நிழலும் கொடுத்துவிடுகிறது. நேர் மேலிருந்து டியூப் லைட்டில் எடுத்த படத்துக்கு டெக்ஸ்ச்சர் 60 போட்டாலும் இது வராது. ஸ்லைடர் விமரிசனத்தில் வேட்டி எதற்கு என்று கேட்கலாம். வேட்டி கட்டிய நாளிலிருந்து எல்லா ஸ்லைடரும் பாதிக்கு இறங்கிவிட்டன, அதனால்தான்.

யாருக்கு இந்தச் சந்தா உபயோகம்? மாதம் நாற்பது ஐம்பது புடவை எடுக்கிறவருக்கு. ஒரு படத்தில் அமைத்ததை மற்ற முப்பத்தொன்பதுக்கும் ஒரே நொடியில் ஒட்டிவிடலாம். என் கிட்டப் படத்துக்கு 'இழை' என்றும் முழுப்படத்துக்கு 'உடுத்து' என்றும் இரண்டு பிரீசெட், அதாவது சேமித்து வைத்த ஸ்லைடர் அமைப்பு, வைத்திருக்கிறேன். ஏற்றுமதி செய்யும்போது திரைக்கா, தாளுக்கா என்று கேட்டு அதற்கேற்ப இன்னொரு சுற்று ஷார்ப்பனிங் போடும் வசதி உண்டு. திரைக்கு, குறைவாக, என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மாதம் நாலு புடவை, கையில் போன் மட்டும் என்கிறவர் காசு கட்ட வேண்டாம். லைட்ரூமின் போன் செயலியிலேயே டெக்ஸ்ச்சரும் கிளாரிட்டியும் ஷார்ப்பனிங்கும் இலவசம். இடம் பார்த்து மாஸ்க் போடுவதற்குத்தான் காசு. கூகுளின் ஸ்னாப்சீடும் முழுக்க இலவசம். அதில் டீடெய்ல்ஸ் என்ற கருவிக்குள் ஸ்ட்ரக்சர், ஷார்ப்பனிங் என்று இரண்டே இரண்டு. ஸ்ட்ரக்சரில் கை வைத்தால் சீக்கிரம் கஞ்சி ஏறிவிடும், 10-க்கு மேல் போக வேண்டாம். கம்ப்யூட்டர் உண்டு, காசுதான் இல்லை என்றால் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இருக்கின்றன. ராதெரபியை ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன், சத்து நிறைய. ஆனால் திறந்ததும் இத்தனை ஸ்லைடரா என்று பயமாக இருக்கிறது. பொறுமைசாலிகளுக்கு.

சென்ற மாதம் புது நீலக் கண்டாங்கி ஒன்றின் கிட்டப் படத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை "யார் தறி" என்று கேட்கவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, "இந்த ஓரத்தைப் பெருசு பண்ணும்மா" என்றார். பண்ணினேன். பாவு இழை ஒன்று அறுந்து, முடிச்சுப் போட்டு, நெசவு தொடர்ந்திருந்தது. வெறும் கண்ணுக்கு லேசில் தெரியாத முடிச்சு, திரையில் மிளகு அளவுக்கு உட்கார்ந்திருந்தது.

"இதை மட்டும் உன் மிஷினுல மறைச்சிரலாமா?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"மறைக்கலாம் அண்ணே. ரெண்டு நிமிஷ வேலை."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி மோர் கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, முடிச்சு நன்றாகத் தெரியும்படி நாணயத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து இன்னொரு படம் எடுத்து, விலையில் 150 ரூபாய் குறைத்துப் போட்டேன்.